பதினொன்றைப் பத்தாக்கிய வாரம்

புது லேப்டாப் வீட்டுக்கு வந்த நான்காம் நாளே அதைச் சுத்தமாக அழித்துவிட்டுப் பழைய சிஸ்டத்தைப் போட்டவள் நான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஒரு வாரமும் என் கால் தரையில் பாவியதாகவே நினைவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தாலும் கை பரபரவென்று வருகிறது.

விளாங்குடியில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தொழிற்கூடம். ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின், நூல்கண்டு அடுக்கிய அலமாரி, ஒரு மேசை. கல்யாணப் பிளவுஸ், பள்ளிக்கூடச் சட்டைக்கு முத்திரை, முதல் தடவை நற்கருணை அப்பம், அதாவது புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பில் சின்னச் சிலுவை என்று எது வந்தாலும் தைப்பேன். முதலில் படத்தை லேப்டாப்பில் வரைந்து, எந்த நூல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓட வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைப் பென்டிரைவில் ஏற்றி மெஷினில் செருகிவிட்டால் ஊசி தன்பாட்டுக்கு ஓடும். அந்த வரைகிற சாப்ட்வேர் சும்மா திறக்காது. அதற்கு டாங்கிள் என்று ஒன்று இருக்கிறது. விரல்நுனி அளவுதான், ஆனால் பூட்டுக்குச் சாவி அதுதான். லேப்டாப்பில் செருகி, அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் வேலை. எரியாவிட்டால் வீட்டு வேலை பார்க்கப் போகலாம்.

மெஷினும் டாங்கிளும் அப்பா கொடுத்தவை. கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். அப்பா டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறவர். மதுரைக்குக் கல்லூரி படிக்க வந்த நான் எம்பிராய்டரி கோர்ஸும் சேர்ந்து படித்தேன். கூடவே மிஷன் பள்ளியில் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவக் கணக்கு வாத்தியாரையும் பிடித்துக்கொண்டேன். கோர்ஸ் முடித்தால் மெஷின் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். வாத்தியாரைப் பற்றி அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. மாதா கோயிலில் எங்கள் திருமணம் நடந்தபோது அவர் வரவில்லை. மூன்று மாதம் கழித்து வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. மெஷின் இறங்கியது. டிரைவர் ஒரு காகித உறையைக் கொடுத்து, இதை மட்டும் தொலைத்துவிடக் கூடாது என்று ஐயா சொல்லச் சொன்னார் என்றார். கடிதமோ என்று ஆசையாகப் பிரித்தால் உள்ளே டாங்கிள். உறையைக் கிழித்து விரித்து, பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன். ஒரு எழுத்து இல்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று, மகளோடு பேச்சு கிடையாது, அதுதான் அப்பா. எனக்கு வந்த கோபத்துக்கு மெஷினை அதே வண்டியில் திருப்பி ஏற்றியிருப்பேன். என் கணவர்தான் டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்து, காபி கொடுத்து, பேச்சுக் கொடுத்து என்னை ஆறப்போட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக அந்த மெஷின் ஓடுகிறது. அம்மா போனில் பேசுவாள், எப்போதாவது வந்தும் போவாள். அப்பா எங்கள் வாசலை மிதித்ததே இல்லை.

இந்த வருடம் எங்கள் பங்குக் கோயில் மாதா திருவிழாவுக்குக் கொடி எங்கள் அன்பியத்தின் முறையாக வந்தது. அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு. ஒவ்வொரு வருடமும் ஒரு அன்பியம் கொடி எடுக்கும். வழக்கமாக வெளியே சொல்லி, துணியில் அச்சடித்த படத்தோடு கொடி வரும்; ஒன்பது நாள் நவநாள் ஜெபம் முடிவதற்குள் வெயிலில் மாதாவின் நீல முக்காடு வெளுத்து வெள்ளையாகிவிடும். இந்த முறை நானே நூலில் தைத்துத் தருகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் எழுந்து நிற்கும்.

கொடிக்கு இரண்டு பக்கமும் முகம் வேண்டும். அதனால் ஒரே படத்தை இரண்டு துணியில் தைத்து முதுகோடு முதுகு சேர்க்க வேண்டும். ஒரு மாதம் வரைந்தேன். முக்காடு முடிந்தது, கை முடிந்தது, கையில் குழந்தை முடிந்தது, காலடியில் பிறை முடிந்தது. முகத்தைக் கடைசிக்கு வைப்பது என் வழக்கம், ஏனென்றால் கண்ணில் ஒரு தையல் பிசகினாலும் ஆள் மாறிவிடும். அந்த முகம் மட்டும் பாக்கி இருந்தபோது, கொடியேற்றத்துக்கு எட்டே நாள் இருக்கையில், என் பழைய லேப்டாப் ஒரு முனகலோடு உயிரை விட்டது. தினமும் வேலையை முடிக்கும்போது பென்டிரைவில் பிரதி எடுத்து வைப்பேன், அதனால் படம் பிழைத்தது.

என் கணவர் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சனிக்கிழமை ஒரு புது லேப்டாப்போடு வந்தார். வெள்ளி நிறம், ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம். முகத்தைக் காட்டினால் திறந்துகொள்ளும். அவர் பத்துத் தடவை மூடி மூடித் தன் முகத்தைக் காட்டித் திறந்தார். கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார், தலையில் துண்டைப் போட்டுக் காட்டினார், எல்லாவற்றுக்கும் அது திறந்தது. பதினொன்றாம் சிஸ்டம், புத்தம் புதுசு என்றார். என் பழைய லேப்டாப்பில் இருந்தது பத்து. ஒன்று கூடினால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மந்திரிக்காமல் தொட மாட்டோம். ஸ்கூட்டர், மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் ஃபாதர் கையால் தீர்த்தம் பட்டவைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மாமியார் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போய்ப் பங்குத்தந்தையின் முன்னால் நீட்டினார். அவர் ஜெபம் சொல்லி, மூடி மேல் மட்டும் படும்படி பார்த்து இரண்டு சொட்டுத் தீர்த்தம் தெளித்தார். மாமியார் அதன் முதுகில் மாதா ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி முத்தம் வைத்தார்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போது அம்மாவின் போன். குரலே வேறு மாதிரி இருந்தது. கொடி தைக்கிற கதையை நான் முந்தின வாரம் அளந்திருந்தேன், அதை அவள் அப்பாவின் காதில் போட்டிருக்கிறாள்.

“ஒங்கப்பா வெள்ளிக்கெழம கொடி பாக்க வாராகளாம். நான் வாங்கிக் குடுத்த மெஷின்லதான் தைக்கிறாளான்னு ரெண்டு தடவ கேட்டுட்டாக. ஆமான்னு சொல்லிப்புட்டேன்.”

நான் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். அப்பா வருகிறார். ஒன்பது வருடம் கழித்து, ஒரு கொடியைப் பார்க்க. சந்தோஷத்தில் என் கணவரின் தட்டில் இருந்த முட்டையை எடுத்து நானே தின்றுவிட்டேன் என்று அவர் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை. கையைக் கழுவினேனோ இல்லையோ, புது லேப்டாப்பைத் திறந்து சாப்ட்வேரை ஏற்றி, டாங்கிளைச் செருகினேன்.

விளக்கு எரியவில்லை.

எடுத்துத் துடைத்துச் செருகினேன். அடுத்த துளையில் செருகினேன். ஊதிச் செருகினேன். இந்தக் கருவியை இயக்கும் டிரைவரை இந்தச் சிஸ்டத்தில் ஏற்ற முடியாது, பாதுகாப்பு காரணம் என்று திரையில் ஒரு வரி வந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு? என் அப்பாவிடமிருந்தா? அந்த லேப்டாப்பை ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன், முதுகில் மாதா இருந்ததால் தப்பியது.

திங்கள்கிழமை முழுக்க எனக்கும் அதற்கும் மல்லுக்கட்டு. கெஞ்சிப் பார்த்தேன், அந்தப் பாதுகாப்பைத் தளர்த்திப் பார்த்தேன், எதற்கும் அது இறங்கி வரவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு பொத்தான் இருப்பதாக வீடியோ ஒன்றில் சொன்னார்கள். தேடிப் பிடித்து அழுத்தினால், இந்தக் கம்ப்யூட்டரில் திரும்பிப் போக முந்தைய பதிப்பு எதுவும் இல்லை என்று சொன்னது. பிறக்கும்போதே பதினொன்றாகப் பிறந்ததாம். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. திரும்பிப் போக ஒன்றும் இல்லை என்று யார் சொன்னாலும் எனக்கு உடனே ரோஷம் வரும்.

டவுனில் எனக்குத் தெரிந்த சர்வீஸ் கடை ஒன்று இருக்கிறது. அன்று சாயந்திரமே அங்கே ஓடினேன். கடைக்கார அண்ணன் மேசையைச் சுற்றிலும் வயிறு திறந்த லேப்டாப்புகளாகக் கிடக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் டாங்கிளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“எல்லாரும் சிஸ்டத்த மேல ஏத்தித் தாங்கன்னு வருவாக. நீங்க ஒரு ஆளுதான் எறக்கித் தாங்கன்னு வந்திருக்கிக.”

புது சாப்ட்வேர் வாங்கிவிடலாமே, இந்த டாங்கிளே தேவைப்படாது என்றார். அது வந்து சேர ஒரு வாரம் ஆகும், வந்தாலும் என் பழைய படத்தை அப்படியே திறக்கும் என்று சொல்ல முடியாது. அதை விட, நான் வாங்கிக் கொடுத்ததில்தானா என்று கேட்ட மனிதரின் டாங்கிளை டிராயருக்குள் போட்டு மூட எனக்கு மனம் வரவில்லை. முடியாது அண்ணே, இதில்தான் வேண்டும் என்றேன். அப்படியானால் முழுவதும் அழித்துவிட்டுப் பத்தைப் போட வேண்டும், லைசென்ஸ் பழையதற்கும் செல்லும், ஆனால் தன் கையில் இருக்கிற வேலைக்குச் சனிக்கிழமைதான் தொட முடியும் என்றார். எனக்கு வெள்ளிக்கிழமை கொடி. நானே செய்கிறேன், எப்படி என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பத்தை ஏற்றிய ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்து, வழியை நான் கொண்டுபோன பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பேருந்தில் வரும்போது அந்தத் தாளைக் கோயில் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தேன்.

வீட்டில்தான் பூகம்பம். என் கணவர் பெரிய மனதோடு, உனக்கு என்ன தேவையோ செய் என்றார். சொன்ன குரலில் அழுகை இருந்தது. மூன்று நாளுக்குள் அதில் பத்தாம் வகுப்புக்கு வடிவியல் பாடம் எல்லாம் தயார் செய்துவிட்டாராம். அதைப் பிரதி எடுத்துக்கொண்டேன். அவரது ஆறுதலுக்காக, பதினொன்றைத் திரும்பப் போட வழியாக அதன் முழுப் பிரதியையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டார். மாமியார்தான் மடங்கவில்லை. தீர்த்தம் தெளித்த பிறகு உள்ளே இருப்பதை அழிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

“சாமி மந்திரிச்சுக் குடுத்ததையா அழிக்கப் போற? அதுக்கு ஒரு கேள்வி முறையே இல்லையா?”

நான் படபடவென்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே பயந்திருந்தார். இதை எந்த வீடியோவிலும் சொல்லித் தரமாட்டார்கள். பங்குத்தந்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். தான் மந்திரித்தது பெட்டியைத்தான் என்றும், பெட்டிக்குள் எந்தச் சிஸ்டம் இருந்தாலும் ஜெபம் செல்லும் என்றும் சொன்னார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கொடி ஏறியாக வேண்டும், அச்சடித்த கொடி ஒன்றை எதற்கும் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. வேண்டாம் ஃபாதர், தைத்த கொடிதான் ஏறும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, மெஷினுக்குச் சாம்பிராணி போடுகிற அதே நேரத்தில் ஆரம்பித்தேன். ஆமாம், செவ்வாயும் வெள்ளியும் மெஷினுக்குச் சாம்பிராணி போடுவேன், அது என் பிறந்த வீட்டுப் பழக்கம். மாமியாரும் இத்தனை வருடத்தில் அதற்குப் பழகிவிட்டார். லேப்டாப்பை அணைத்து, அண்ணன் எழுதிக் கொடுத்த விசையை அழுத்திக்கொண்டே உயிர் கொடுத்தேன். நீலமும் கறுப்புமாக ஒரு திரை வந்தது. அதன் உள்ளறைக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது. அந்நியச் சிஸ்டத்தை உள்ளே விடாத காவலைத் தளர்த்தினேன். பென்டிரைவில் இருந்து எழுந்திரு என்றேன். எழுந்தது. பத்தின் பழைய ஜன்னல் திரையில் விரிந்ததும், ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பேருந்து நிலையத்தில் பார்த்த மாதிரி எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

எங்கே ஏற்ற வேண்டும் என்று கேட்டது. டிஸ்க்குகளின் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பட்டியல் காலி. ஒரு டிஸ்க்கும் இல்லை.

என் கணவர் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டைப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். அழிக்கும் முன்னாலேயே எல்லாம் காணாமல் போய்விட்டதா? மாமியார் ஜெபமாலையைக் கையில் எடுத்தார், அவர் திட்டியிருந்தால் கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். கடை அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

“பயப்படாதிக. டிஸ்க்கு அங்கனதான் இருக்கு. அதப் பாக்குறதுக்குப் பழசுக்குக் கண்ணு பத்தல, அம்புட்டுதான். டிரைவர ஊட்டி விட்டா பாத்துரும்.”

எந்த டிரைவர், எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, என் கணவர் அதைத் தன் போனில் இறக்கினார். போனில் இருந்து பென்டிரைவுக்கு மாற்ற ஒரு வழி, அதைத் திறந்து விரிக்க ஒரு வழி. இதற்குள் அவருக்கும் சூடு பிடித்துவிட்டது. தன் லேப்டாப் போகிறதே என்கிற வருத்தத்தை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு, சரியான விடைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட கணக்கைப் பார்க்கிற மாதிரி கண் மின்ன உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் எனக்குப் பிடித்துப்போன முகம் அதுதான். டிரைவரைக் காட்டினோம். ஒரு நிமிடம் யோசித்தது. பட்டியலில் ஒவ்வொன்றாக வரிகள் வந்து விழுந்தன.

அழிக்கவா என்று கேட்டது. என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரே கையை நீட்டி விசையை அழுத்தினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் பத்து உள்ளே உட்கார்ந்துவிட்டது. வைஃபை வேலை செய்யவில்லை, திரையில் எழுத்தெல்லாம் ஊதிப்போய்ப் பெரிதாக இருந்தது, முகத்தைக் காட்டினால் அது ஏறிட்டும் பார்க்கவில்லை. போனைக் கேபிளில் இணைத்து அதன் வழியாக ஒவ்வொரு டிரைவராகக் கொண்டுவந்து சேர்த்தோம். எழுத்து சுருங்கியது. வைஃபை வந்தது. கடைசியாக டாங்கிளின் டிரைவரை ஏற்றி, அணைத்து, மறுபடி உயிர் கொடுத்தேன். டாங்கிளைக் கையில் வைத்திருந்தேன், வேர்வையில் நனைந்திருந்தது. சேலையில் துடைத்துச் செருகினேன்.

சிவப்பாக, கடுகளவு, எரிந்தது.

நான் போட்ட சத்தத்தில் எனக்குக் கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து மாமியார் விளக்குமாற்றோடு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் பெட்டியின் முதுகில் இருந்த மாதாவை ஒரு முறை தொட்டுக் கும்பிட்டார். பிறகு எங்கள் மூன்று பேருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தார். நான் அதற்குள் படத்தைத் திறந்திருந்தேன். முக்காடு, கை, குழந்தை, பிறை, நடுவில் வெறும் வட்டம். ஒரு மாதத்து உழைப்பு அப்படியே அலுங்காமல் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த லேப்டாப்பின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தேன்.

செவ்வாய் மீதியும் புதன் பாதியும் முகம் வரைந்தேன். கன்னத்துக்கு மூன்று நிற நூல், இமைக்கு ஒரே இழை. கண் கீழே பார்க்க வேண்டும். கம்பத்தின் உச்சியில் நிற்கிறவர் கீழே நிற்கிற எங்களைத்தானே பார்ப்பார்? அந்தப் பார்வை வராமல் நாலு தடவை அழித்தேன். ஐந்தாவது தடவை வந்தது. வந்ததும் எனக்கே தெரிந்தது, அதற்கு மேல் தொடவில்லை. புதன் மத்தியானம் முதல் துணியைச் சட்டத்தில் பூட்டி மெஷினை ஓடவிட்டேன். டக்டக்கென்று அது ஓடத் தொடங்கியதும் வீடே பழைய வீடாகிவிட்டது. வியாழக்கிழமை பகல் முழுக்க இரண்டாவது துணி. நூல் அறுந்த ஒவ்வொரு தடவையும் ஓடிப் போய்க் கோத்தேன். வெள்ளிக்கிழமை காலை இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்து ஓரம் அடித்து, தங்கக் குஞ்சம் வைத்து, விரித்துப் பார்த்தேன். என் கணவர் வந்து பார்த்தார். பள்ளிக்குப் போகிறவர் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

சாயந்திரம் கொடிப் பவனி எங்கள் தெரு, அடுத்த தெரு என்று சுற்றிக் கோயிலுக்கு வந்தது. பேண்டு முன்னால், பிள்ளைகள் நடுவில், மடித்த கொடியைத் தட்டில் ஏந்தி எங்கள் அன்பியம் பின்னால். கோயில் வாசலில் எல்லோரும் கொடியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார்கள். என் கண் கொடியில் இல்லை, கேட்டில் இருந்தது. ஐந்தேமுக்கால் ஆயிற்று. ஐந்து ஐம்பது ஆயிற்று. வரமாட்டார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். கோபம்கூட வரவில்லை.

அப்போது அம்மா முன்னால் வர, பின்னால் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டும் கையில் மஞ்சப்பையுமாக அப்பா வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. அது எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நேராகத் தட்டுக்குப் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கொடியின் ஒரு மூலையை விரலால் தூக்கி, தையலைத் தடவி, திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார்.

“நான் குடுத்ததா?”

“ஆமாப்பா. மெஷினும் அதுதான், அந்தக் குட்டிச் சாவியும் அதுதான்.”

அவர் மஞ்சப்பைக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்தார். மெஷினுக்குப் போடுகிற எண்ணெய். ஒன்பது வருடமாகப் பேசாத மனிதர், வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடை தேடி, மெஷின் எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதை முந்தானையில் சுற்றி இடுப்போடு பிடித்துக்கொண்டேன்.

மணி அடித்தது. பங்குத்தந்தை கொடியை மந்திரித்துக் கயிற்றில் கட்டினார். கயிறு பிடிக்கிறவர்கள் கொடி கொடுத்த அன்பியத்து ஆண்கள். என் கணவர் முதலில் நின்றார். அப்பா துண்டைத் தோளில் இருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என் கணவர் முன்னால் போய் நின்றார். ஒன்பது வருடத்தில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மாப்ள, கயித்துல நானும் ஒரு கை புடிக்கலாமா?”

என் கணவர் தன் கையைக் கீழே இறக்கி, மேலே அவருக்கு இடம் விட்டார்.

வேட்டு வெடித்தது, பேண்டு முழங்கியது, மரியே வாழ்க என்று கூட்டம் கத்தியது. கொடி விரிந்துகொண்டே மேலே போனது. மாதாவின் கண் அப்படியே எங்களைப் பார்த்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நான் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரே கயிற்றில் மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்த அந்த நான்கு கைகளைத்தான் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.